நியாண்டர்தால் மனிதர்: நம் தொல் உறவினர்

நுழையுமுன்

ஒருவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதைக் கொண்டே நாம் அவரை எடைபோட்டுவிடுகிறோம். பழகிப் பார்க்கும்போது அவ்வெண்ணம் மாறுவதும் உண்டு. மறைந்துபோன ஒரு மனித இனத்தை அறிவுலகம் இவ்வாறுதான் முதலில் எடைபோட்டது. அந்தத் தீர்ப்பு எவ்வாறு பிறந்தது, எந்தச் சான்றுகளால் மாறியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கரடியா, மனிதரா?

ஜெர்மனி நாட்டில் டுசல்டார்ஃப் நகருக்கு அருகில் நியாண்டர் பள்ளத்தாக்கு உள்ளது. 1856ஆம் ஆண்டில் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள், ஒரு குகையில் படிந்திருந்த மண்ணை அகற்றியபோது சில எலும்புகளைக் கண்டனர். அவை கரடியின் எலும்புகள் என்று எண்ணப்பட்டது. அவ்வட்டாரத்தில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர் யோகான் கார்ல் ஃபூல்ராட் என்பவரிடம் அவை சேர்ந்தன. பின்னோக்கிச் சரிந்த நெற்றியையும், கண்களுக்கு மேல் புடைத்திருந்த புருவமேட்டையும், தடித்த கை கால் எலும்புகளையும் அவர் கூர்ந்து நோக்கினார். இவை கரடிக்கு உரியவை அல்ல, மிகப் பழங்கால மனிதர் ஒருவருக்கு உரியவை என்று உணர்ந்தார்.

அறிஞர் பலர் இதனை உடனே ஏற்கவில்லை. மேயர் என்னும் உடற்கூற்றியலாளர், இவை 1814ஆம் ஆண்டில் படையோடு வந்து இறந்த ரஷ்யக் குதிரை வீரன் ஒருவனின் எலும்புகளாக இருக்கலாம் என்றார். ஆயினும், 1864ஆம் ஆண்டில் வில்லியம் கிங் என்னும் நிலவியலறிஞர், இவர்களைத் தனி மனித இனமாகக் கொண்டு 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்று பெயரிட்டார். ஜெர்மன் மொழியில் 'தால்' என்பதற்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். பிறந்த மண்ணின் பெயரால் மனிதர் அறியப்படுவது நமக்குப் புதிதன்று அல்லவா?

பிழையாகத் தீட்டப்பட்ட உருவம்

1908ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லா சாப்பெல்-ஓ-சான் என்னும் ஊரில், ஏறக்குறைய முழுமையான நியாண்டர்தால் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதனை ஆராய்ந்த மார்செலின் பூல், வளைந்த முழங்கால்களும் முன்னோக்கித் தாழ்ந்த தலையும் கொண்டு, தள்ளாடி நடக்கும் உயிராக நியாண்டர்தால் மனிதரைச் சித்திரித்தார். உடலெங்கும் மயிரடர்ந்து, கையில் தடியேந்திய விலங்கு போன்ற உருவத்தைப் பத்திரிகை ஓவியமும் மக்கள் மனத்தில் பதித்தது. 'நியாண்டர்தால்' என்னும் சொல்லே பின்னாளில் வசைச்சொல்லாகிவிட்டது.

1957ஆம் ஆண்டில் அதே எலும்புகளை ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இரு அறிஞர்கள் மறுபடியும் ஆராய்ந்தனர். அம்மனிதர் கடும் மூட்டுவாதத்தால் துன்புற்ற முதியவர் என்பதை அவர்கள் எடுத்துரைத்தனர். நோயுற்ற ஒரு முதியவரின் கூனல், ஓர் இனம் முழுவதற்கும் உரிய தோற்றமாகக் கொள்ளப்பட்டிருந்தது! உண்மையில் நியாண்டர்தால் மனிதர் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர்கள்.

சான்றுகள் காட்டும் வாழ்க்கை

நியாண்டர்தால் மனிதர் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும், கிழக்கே சைபீரியாவின் அல்தாய் மலை வரையிலும் வாழ்ந்தனர். அவர்களின் மூளை அளவில் நம் மூளைக்குக் குறைந்ததன்று. நெருப்பைப் பயன்படுத்தினர், பெரிய விலங்குகளை வேட்டையாடினர், கல்லைத் திட்டமிட்டுச் செதுக்கிக் கூரிய கருவிகள் செய்தனர். பிர்ச் மரப்பட்டையைச் சுட்டுப் பசை எடுக்கவும் அறிந்திருந்தனர். பிரான்சில் புருனிக்கேல் குகையின் உட்பகுதியில், தரையிலிருந்து வளரும் கல்முளைகளை உடைத்து வட்டமாக அடுக்கிய அமைப்புகள் உள்ளன. அவை ஏறத்தாழ 1,76,000 ஆண்டுகள் பழைமையானவை என்று 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சூரிய ஒளி புகாத அவ்விடத்தில் அவர்கள் விளக்கொளியின்றி வேலை செய்திருக்க இயலாது.

ஈராக் நாட்டின் சானிதார் குகையில் கிடைத்த எலும்புக்கூடு இன்னும் ஆழமான செய்தியைச் சொல்கிறது. அம்மனிதரின் வலக்கை சூம்பியிருந்தது. முகத்தின் இடப்பக்கத்தில் பட்ட அடியால் ஒரு கண் பார்வை இழந்திருக்கலாம். காயங்கள் ஆறிய அடையாளம் எலும்பில் உள்ளது. அதன் பின்னும் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, நாற்பது வயதை ஒட்டி இறந்தார். தனியே வேட்டையாட இயலாத ஒருவர் அவ்வளவு காலம் வாழ்ந்தார் என்றால், அவருக்கு உணவளித்துக் காத்தவர்கள் உடனிருந்தனர் என்பதே பொருள். எலும்பில் அன்பு பதிவதில்லை; ஆறிய காயம் பதிகிறது. அதிலிருந்து அன்பை நாம் உய்த்துணர்கிறோம்.

எலும்பிலிருந்து மரபணு

ஓர் உயிர் இறந்தபின் அதன் டி.என்.ஏ. சிறுசிறு துணுக்குகளாகச் சிதைகிறது. நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வும் எலும்பைத் தொட்டவர்களின் டி.என்.ஏ.வும் அதனோடு கலந்துவிடுகின்றன. இக்கலப்பிலிருந்து பழைய துணுக்குகளைப் பிரித்தறியும் முறைகளை ஸ்வாந்தே பாபோ என்னும் அறிஞர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கினார்.

1997ஆம் ஆண்டில் அவரது குழுவினர், நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த அந்த முதல் எலும்பிலிருந்தே மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வைப் படித்தனர். தாய்வழியாக மட்டும் வரும் அப்பகுதி, இன்றைய மனிதரிடமிருந்து பெரிதும் வேறுபட்டது. எனவே அவர்களுக்கும் நமக்கும் கலப்பே நிகழவில்லை என்று பலர் கருதினர். 2010ஆம் ஆண்டில் அக்கருத்து மாறியது. குரோஷியாவின் விண்டிஜா குகை எலும்புகளிலிருந்து மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியைக் குழுவினர் படித்து வெளியிட்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களின் வழிவந்தோரிடம் நியாண்டர்தால் மரபணுப் பகுதிகள் இருப்பது தெரிந்தது. இன்றைய கணக்கின்படி அது ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு. ஆப்பிரிக்க மக்களிடம் இப்பங்கு மிகக் குறைவு. இத்துறையில் ஆற்றிய பணிக்காகப் பாபோ 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

நாம் நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நேராகத் தோன்றியவர்கள் அல்லர். இரு இனங்களும் ஒரே மூதாதையரிடமிருந்து பிரிந்த கிளைகள். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், நெடுங்காலத்திற்கு முன் பிரிந்த அக்கிளையினரை வழியில் மீண்டும் சந்தித்தனர். இக்கலப்பு ஏறத்தாழ 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணித்தது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் மனிதர் தனி இனமாக மறைந்தனர். சிறு குழுக்களாகச் சிதறி வாழ்ந்தமை, தட்பவெப்ப மாற்றம், புதிதாக வந்தோருடன் ஏற்பட்ட போட்டி, கலப்பு ஆகியவற்றை அறிஞர்கள் காரணங்களாக ஆராய்ந்து வருகின்றனர்.

நமக்குள் வாழும் பங்கு

பழைய மரபணுப் பகுதிகள் இன்றும் நம் உடலில் செயல்படுகின்றன. கொரோனா நோய் கடுமையாவதற்கான வாய்ப்பை மிகுவிக்கும் ஒரு பகுதி, மூன்றாம் குரோமோசோமில் உள்ளது. அது நியாண்டர்தால் மனிதர் வழியே வந்தது என்று 2020ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தெற்கு ஆசிய மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அப்பகுதி உள்ளது. அவ்வினத்தாரிடமிருந்தே வந்த மற்றொரு பகுதி, அந்நோயின் கடுமையிலிருந்து ஓரளவு காக்கிறது என்பதும் தெரிந்தது. முன்னோர் விட்டுச்சென்ற சொத்தில் கடனும் உண்டு, வரவும் உண்டு.

இந்தியர் 2,700க்கும் மேற்பட்டோரின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்த ஒரு குழு, தன் முடிவுகளை 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருவரிடம் உள்ள நியாண்டர்தால் பகுதி மிகச் சிறியது. ஆனால், எல்லாரிடமும் இருப்பது ஒரே பகுதியன்று. அவர்கள் அனைவரிடமும் உள்ள துண்டுகளைச் சேர்த்து அடுக்கியபோது, நியாண்டர்தால் மரபணுத்தொகுதியில் ஏறக்குறையப் பாதியை மீட்க முடிந்தது.

பழஞ்சுவடி ஒன்றின் ஏடுகள் பிரிந்து, வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் பல ஊர்களில் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். எந்த ஒரு வீட்டிலும் நூல் இல்லை. எல்லா வீடுகளையும் தேடினால் பாதி நூல் கிடைக்கிறது. மாணவர்களே, உங்கள் வகுப்பில் பல மொழி பேசுவோரும் பல மாநிலத்தாரும் அமர்ந்திருக்கலாம். அச்சுவடியின் ஓர் ஏடு உங்களிடம் இருக்கும். வேறோர் ஏடு பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் இருக்கும். விலங்கெனத் தள்ளிவைக்கப்பட்ட ஓர் இனத்தின் வரலாறு, தம்முள் வேறுபட்ட இத்தனை மக்களிடம் பகுதி பகுதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

சொற்பொருள்

உய்த்துணர்தல் – கண்ட சான்றைக் கொண்டு காணாததை அறிதல்
உடற்கூற்றியலாளர் – உடலின் அமைப்பை ஆராய்பவர்
கல்முளை – குகைத் தரையில் நீர்த்துளி விழுந்து வளரும் சுண்ணாம்புத் தூண்
மரபணுத்தொகுதி – ஓர் உயிரின் மரபுச் செய்திகளின் முழுத் தொகுப்பு
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு

சிந்தித்து விடை எழுதுக

1. ஃபூல்ராட் அந்த எலும்புகள் கரடிக்கு உரியவை அல்ல என்று எவ்வாறு உணர்ந்தார்?
2. லா சாப்பெல்-ஓ-சான் எலும்புக்கூட்டைப் பற்றிய முதல் முடிவு ஏன் பிழையாயிற்று?
3. 1997, 2010 ஆகிய ஆண்டுகளின் ஆய்வு முடிவுகள் எவ்வகையில் வேறுபட்டன?
4. சானிதார் மனிதரின் எலும்புகளிலிருந்து அவருடைய கூட்டத்தாரைப் பற்றி நீங்கள் அறிவது யாது? ஐந்து தொடர்களில் எழுதுக.
5. ஒருவரைப் பற்றிய முதல் எண்ணம், பழகியபின் மாறிய நிகழ்வு ஒன்றை வகுப்பில் எடுத்துரைக்க.