தூரம் மாறவில்லை, பயணம் நீண்டது

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்றே நம்மிற் பலரும் எண்ணுகின்றோம். அக்கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை என்பதற்குப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கும் இடையிலான வான்வழி தக்கதோர் உதாரணமாகும்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் சுமார் 7,800 கிலோ மீற்றர். தட்டையான உலகப் படத்திற் கோடு கீறினால் அது மத்திய ஆசியாவையும் சீனாவையும் ஊடறுத்துச் செல்லும். ஆனால், பூமி உருண்டையின் மாதிரியில் நூலொன்றை இழுத்துப் பிடித்தால் அது சைபீரியாவின் வடபகுதிக்கு மேலாகவே செல்லும். உண்மையான குறுக்குவழி அதுவே.

பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோ மீற்றர் வேகத்திற் பறக்கின்றது. மேலெழுவதற்கும் தரையிறங்குவதற்குமான நேரத்தையும் சேர்த்தால் இப்பயணத்துக்கு ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலங்கள் போதுமானவை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று, டோக்கியோ நோக்கிய பயணத்தைச் சற்றுக் குறைத்துத் திரும்பும் பயணத்தை நீட்டுவதும் உண்டு.

இந்தக் கணக்கு 2022 ஆம் ஆண்டிற் குலைந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தனது வான்பரப்பை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் தனது வான்பரப்பை மூடிக்கொண்டது. பின்லாந்தின் தேசிய விமான சேவையான பின்எயார், வட துருவத்துக்கு மேலாக அலாஸ்கா வரை சென்று சுற்றியோ, தெற்கே கஸகஸ்தான், சீனா, தென்கொரியா ஊடாகவோ டோக்கியோவை அடைய வேண்டியதாயிற்று. பயண நேரம் சுமார் 13 மணித்தியாலங்களாக உயர்ந்தது.

துருவ வழி அந்நிறுவனத்துக்குப் புதியதன்று. பனிப்போர்க் காலத்தில் மேற்குலகின் பெரும்பாலான விமானங்கள் சைபீரியாவைத் தவிர்த்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டே ஜப்பானுக்குச் சென்றன. 1983 ஆம் ஆண்டு பின்எயார் மேலதிக எரிபொருள் தாங்கிகளுடன் துருவத்தின் மேலாக இடைநில்லாச் சேவையைத் தொடக்கியது. அன்றும் ஏறத்தாழ 13 மணித்தியாலங்களே சென்றன. நாற்பதாண்டு காலத் தொழில்நுட்ப வளர்ச்சியின் பின்னரும் பயண நேரம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியமை சிந்தனைக்குரியது.

மேலதிக மணித்தியாலங்கள் யாவும் மேலதிக எரிபொருளாகின்றன. அச்சுமையில் ஒரு பங்கு பயணச்சீட்டின் விலையாகப் பயணியின் தலையிலேயே விழுகின்றது. போரை அவன் தொடக்கவில்லை. நிறுத்தும் அதிகாரமும் அவனிடம் இல்லை.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரத்தில் ஓர் அடியேனும் கூடவில்லை. ஆயினும் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்த நமது மக்களுக்குக் கொழும்பு எட்டாத் தொலைவாயிற்று. தூரத்தை அளப்பது புவியியல்; அதனைக் கடக்க விடுவதும் தடுப்பதும் அரசியலே.