ஒரே பெயர்க்காரர்கள் ஒன்றுகூடினால்

2021 ஆகஸ்ட் 7ஆம் திகதி டோக்கியோவில் நீரஜ் சோப்ரா எறிந்த ஈட்டி 87.58 மீற்றர் தூரம் பாய்ந்தது. ஒலிம்பிக் தடகளத்தில் இந்தியா கண்ட முதல் தங்கம் அது. அடுத்த சில நாட்களில் குஜராத்தில் நீரஜ் என்று பெயர் வாய்த்தவர்களுக்கெல்லாம் யோகம் அடித்தது. பரூச் மாவட்டத்து நேத்ரங் ஊரில் ஒரு பெற்றோல் நிலையம், அடையாள அட்டை காட்டிய நீரஜ்களுக்கு 501 ரூபாய் வரை இலவசமாகப் பெற்றோல் ஊற்றியது. ஜூனாகட்டில் கிர்நார் மலைக்குப் போகும் கம்பிவடக் கூண்டிலும் அவர்களுக்கு ஆகஸ்ட் 20 வரை கட்டணம் இல்லை. ஈட்டியைக் கையால் தொட்டறியாதவர்களுக்கும் அந்த வெற்றியில் ஒரு சின்னப் பங்கு கிடைத்தது.

பெயர் ஒன்றானால் மனம் ஏன் இப்படி நெருங்குகிறது? பெல்ஜிய உளவியலாளர் யோசெப் நுட்டின் 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது. தங்கள் பெயரில் வரும் எழுத்துகளை மற்ற எழுத்துகளைவிட மனிதர்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று அவர் கண்டார். ஓரெழுத்துக்கே இந்த ஈர்ப்பு என்றால், முழுப்பெயரோடு ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது கேட்க வேண்டியதில்லை.

இந்த ஈர்ப்பை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர் ஜப்பானின் தனாகா ஹிரோகசு. 1994இல் தன் பெயரையே கொண்ட ஒரு பேஸ்போல் வீரரைத் தொழில்முறை அணியொன்று தெரிவு செய்த செய்தியைப் பார்த்தார். அன்று தொடங்கியது தேடல். எழுதும் எழுத்துகளும் அச்சாக ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. நின்டெண்டோ விளையாட்டுகளுக்கு இசையமைத்தவரும் ஒரு தனாகா ஹிரோகசுதான். 2022 ஒக்டோபர் 29ஆம் திகதி டோக்கியோவில் 178 தனாகா ஹிரோகசுக்கள் ஓர் அரங்கில் கூடி, 2005இல் அமெரிக்காவில் 164 மார்த்தா ஸ்டுவர்ட்டுகள் வைத்திருந்த கின்னஸ் சாதனையை முறியடித்தார்கள். அரங்கில் யார் யாரை எப்படி அழைப்பது? தொழிலையும் குணத்தையும் வைத்து ஆளுக்கொரு பட்டப்பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

முதற்பெயர் மட்டும் ஒத்தால் போதும் என்றால் கூட்டம் இன்னும் பெரிது. 2017 ஜூலையில் பொஸ்னியாவின் குப்ரேஸ் பகுதியில் 2,325 இவான்கள் திரண்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கைல் என்றொரு நகரம் உண்டு. அது 2023இல் நாட்டிலுள்ள கைல்களையெல்லாம் அழைத்தது. வந்தவர்கள் 1,490 பேர், சாதனை தப்பியது. நெப்ராஸ்காவில் 2021 ஏப்ரலில் கூடிய ஜோஷ்கள் நீச்சல்குளத்தில் மிதக்கவிடும் மென்பஞ்சுக் குழாய்களால் ஒருவரையொருவர் செல்லமாக அடித்துச் சண்டை போட்டார்கள். முடிசூடியவன் நான்கு வயதுப் பையன். அங்கே திரண்ட நன்கொடை சிறுவர் மருத்துவமனைக்குப் போனது.

சலுகைக்காகப் பெயரையே மாற்றியவர்களும் உண்டு. 2021 மார்ச்சில் தாய்வானில் ஒரு சூஷி உணவகம், சால்மன் மீனின் சீனப் பெயரைத் தாங்கியவர்களுக்கு இலவச விருந்து என்று அறிவித்தது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அரச அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். அங்கே வாழ்நாளில் மூன்று தடவைதான் பெயர் மாற்றலாம். ஒருநாள் விருந்துக்கு அதில் ஒன்றைச் செலவழித்தது வீண் வேலை.

இங்கே இலங்கையில், மட்டக்களப்புக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளிலோ, ஒரே பெயர் என்பது தீர்க்கவேண்டிய சிக்கலாகவே இருந்துவருகிறது. “யோகன் வந்தவன்” என்றால் “எந்த யோகன் மனே?” என்றுதான் அடுத்த கேள்வி பிறக்கும். தகப்பன் பெயர், செய்யும் தொழில், குடியிருக்கும் கட்டை, ஊரார் வைத்த பட்டம் என்று ஏதாவதொன்று ஒட்டினால்தான் ஆள் பிடிபடும். முஸ்லிம் ஊர்களில் முஹம்மது என்று பெயர் தொடங்குபவர்கள் பலர் என்பதால் இரண்டாவது பெயரே கூப்பிடும் பெயராகிறது. அரசாங்கமோ எண்ணால் தீர்க்கிறது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூடும். 2016இலிருந்து வரும் புதிய அட்டைகளில் இலக்கங்கள் 12.

ஊரார் கையாளும் வழி இன்று நேற்று வந்ததல்ல. சங்கப் புலவர்களில் சாத்தனார்கள் பலர். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் என்று ஊரைச் சேர்த்துப் பிரித்தார்கள். சீத்தலையாருக்குக் கூலவாணிகன் என்று தொழிலும் சேர்ந்தது. தனாகாக்கள் கண்டுபிடித்த உத்தியைத் தமிழர்கள் அவர்களுக்கு வெகுமுன்னரே கையாண்டிருக்கிறார்கள்.

பெயரைப் பகிர்ந்துகொள்வதன் இனிமையும் நமக்குத் தெரிந்ததுதான். புலவர் பிசிராந்தையார் தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் பெயரையே சொல்வார் என்று புறநானூற்றின் 216ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் பெருமைப்படுகிறான். அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராத இருவர் அவர்கள்.

கத்தோலிக்கர்களிடம் ஒரே பெயர்க்காரர்கள் கூடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. ஜூன் 13 அந்தோனியார் திருநாள்; அந்தப் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் நாமவிழா. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் அன்று தமிழ் அந்தோனிகளும் சிங்கள அந்தோனிகளும் ஒரே கூட்டத்தில் நெருக்குண்டு நிற்பார்கள்.

இலங்கையைப் பொறுத்தவரை விஷயத்தின் கனதி இங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டில் பெயரைக் கேட்டதும் இனத்தையும் மதத்தையும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அந்தக் கணக்கு உயிரோடு விளையாடியது. ஆனால் ரஞ்சித், மாலினி, இந்திராணி, சந்திரா போன்ற பெயர்கள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. தமிழ் வீட்டிலும் சிங்கள வீட்டிலும் அவை ஒன்றுபோல் ஒலிக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையில் காந்தி பூங்கா இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ரஞ்சித்கள் அங்கே கூடலாம். அடையாள அட்டை காட்டினால் ஒரு பிளேன்டீ இலவசம் என்று பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அறிவித்தால் போதும். உன்னிச்சை ரஞ்சித்துக்கும் மகாஓயா ரஞ்சித்துக்கும் மொழி வேறாக இருக்கலாம். பேச்சைத் தொடங்க இருவருக்கும் முதல் சொல் கைவசம் இருக்கிறது.