அலைகள் சொல்வதும் சொல்லாததும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் தன் மகனின் இ.இ.ஜி. அறிக்கையை என் மேஜை மீது வைத்தார். 'இயல்புக்கு மாறான பதிவு. மூளை அலைகள் மந்தமடைந்துள்ளன' என்பது அதன் சாரம். "மாத்திரை என் பிள்ளையோட மூளையைக் கெடுத்துடுச்சா, டாக்டர்?" என்று கேட்டார். அறிக்கை கைக்கு வந்த அன்றே குளோசபைன் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தனர். நான்கே நாள்களில் மகனுக்குத் தூக்கம் போயிற்று. ஈராண்டுகளாக அடங்கியிருந்த குரல்கள் மீண்டும் காதில் ஒலிக்கத் தொடங்கின.

மனநல மருத்துவனாகிய நான் இந்த அச்சத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அதைப் போக்க, அந்த அலைகள் எவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர். அவரும் மனநல மருத்துவரே. கண்களை மூடி ஓய்ந்திருக்கையில் தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரை எழுபவை ஆல்ஃபா அலைகள். விழிப்புடன் செயல்படுகையில் இவற்றினும் விரைவான பீட்டா அலைகள் மிகும். உறக்கம் கவிகையில் தீட்டாவும், ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான டெல்டாவும் தோன்றும்.

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளின் காலம் 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசைனுடன் தொடங்கியது. டோபமைனின் வேகத்தைத் தணிப்பதே இம்மருந்துகளின் முதன்மைப் பணி. இவற்றுள் சில, மூளையை விழிப்பு நிலையில் வைத்திருக்கும் ஹிஸ்டமின், அசிடைல்கோலின் ஆகியவற்றின் செயலையும் தடுக்கின்றன. அதனால் ஆல்ஃபா தளர்ந்து, தீட்டாவும் டெல்டாவும் பெருகுகின்றன. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயைத் தணிக்கும் குளோசபைனில்தான் இம்மாற்றம் மிகுதி.

ஆகவே, மந்த அலைகளைக் கண்டதும் மூளை சிதைந்துவிட்டது என்று கொள்வது தவறு. மருந்து மூளையில் வினைபுரிகிறது என்பதன் தடயம் அது. அத்தகைய பதிவுடன் நலமாக வாழ்வோர் பலர்.

எனினும், எல்லா மாற்றங்களையும் அலட்சியப்படுத்தலாகாது. குளோசபைன் வலிப்புக்கான வாயிலைத் தாழ்த்துகிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குக் கீழே ஏறத்தாழ நூற்றில் ஒருவராக இருக்கும் வலிப்பு அபாயம், 600 மில்லிகிராமைக் கடந்தால் நூற்றில் நால்வருக்கும் மேலாக உயர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இ.இ.ஜி.யில் கூர்முனை அலைகள் தோன்றுவதும், கை கால்கள் திடீரென வெட்டி இழுப்பதும் அதற்கான முன்னறிவிப்புகளாக இருக்கலாம்.

"ஏன் இந்தப் பரிசோதனையை எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "காபி டம்ளர் அவன் கையிலேருந்து வெடுக்குனு தெறிச்சு விழுந்துச்சு, டாக்டர். ரெண்டு தடவை" என்றார். நான் தேடிய விடை அதுதான். மேலும் விசாரித்ததில், மகன் இரண்டு மாதங்களுக்கு முன் புகைப்பழக்கத்தைக் கைவிட்டது தெரியவந்தது. குளோசபைனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகையிலைப் புகை முடுக்கிவிடுகிறது. புகை நின்றால் நொதி தளரும். அதே மாத்திரையிலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். நல்ல காரியம் செய்த பிள்ளைக்கு நான் மருந்தைக் குறைத்திருக்க வேண்டும். வந்தபோதெல்லாம் புகைப்பழக்கம் பற்றிக் கேட்காதது என் பிழை.

48 மணி நேரத்துக்கு மேல் விடுபட்ட குளோசபைனைப் பழைய அளவில் உடனே தொடரக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் நேரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் தொடங்கி, மெல்ல உயர்த்தி, முன்பைவிடக் குறைந்த அளவில் நிறுத்தினோம். குரல்கள் அடங்கின, கையின் துள்ளலும் நின்றது. அண்மையில் எடுத்த இ.இ.ஜி.யில் சிறிது மந்தம் இன்னும் இருக்கிறது. அவர் வேலைக்குச் செல்கிறார்.

குடும்பத்தாருக்கு நான் கூற விரும்புவது இதுதான். அறிக்கையைக் கண்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அறிக்கையுடன் மருத்துவரிடம் வாருங்கள். தவறி விழுந்த டம்ளரையும், விட்டுவிட்ட சிகரெட்டையும் மறக்காமல் சொல்லுங்கள். அலைகளின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கும்.