சுங்கை பூலோவுக்கு வரும் பறவைகள்

சிங்கப்பூரின் வடமேற்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டிய அலையாத்திக் காடு சுங்கை பூலோ. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இது, 2002இல் பாதுகாக்கப்பட்ட இயற்கை வனமானது. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியாவிலிருந்து தெற்கே வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இங்கே இறங்கும். சில, வடக்கே குளிர் தீரும்வரை தங்கிவிடும். கடல் வற்றும்போது அவை வெளிச் சேற்றில் புழுவும் நண்டும் தேடிச் சிதறி நிற்கும். தொலைநோக்கியிலும் புள்ளிகளாகத்தான் தெரியும். கடல் ஏறிச் சேறு மூழ்கியதும், மதகுகளால் நீர்மட்டம் தாழ்த்தி வைத்திருக்கும் உட்குளங்களுக்குக் கூட்டமாக வந்து சேரும். மறைவுக் குடிலில் அமர்ந்தால், காலின் நிறமும் அலகின் வளைவும்கூடத் தெளிவாகத் தெரியும் அருமையான நேரம் அது. எனவே, புறப்படுமுன் ஓத அட்டவணையைப் பார்ப்பது அவசியம். அனுமதி இலவசம், பறவைகளுக்கு உணவு போடக் கூடாது.