பலகையாட்டமும் பொது உரிமமும்

பல்லாங்குழிக்கு உரிமையாளர் எவரும் இலர். வரிசைக்கு ஏழாக இரு வரிசைக் குழிகளும், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் இருந்தால் எவரும் ஆடலாம். கற்றவர் மற்றவருக்குக் கற்பிக்கலாம். ஊர் வழக்கிற்கேற்ப விதியைச் சிறிது மாற்றியும் கொள்ளலாம். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்திற் குன்றிமணிகளைக் கொண்டு ஆடும் ‘ஒலிந்த கெலிய’வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கைமாறிக் கைமாறி வந்தமையாலேயே இவ்வாட்டங்கள் அழியாது நிலைத்தன.

இவ்வாட்டத்தை ஒருவர் இன்று கைத்தொலைபேசிச் செயலியாக ஆக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். பம்பலப்பிட்டியிலே கணினிக் கடைகள் நிறைந்த யூனிற்றி பிளாசாவில் வாங்கும் சாதாரணக் கணினி ஒன்றே அதற்குப் போதும். ஆனால், செயலியைப் பெறுபவர் கையிற் கிட்டுவது இயந்திரத்திற்கென மாற்றப்பட்ட வடிவமே. ஆக்கியவர் எழுதிய மூல நிரல் கிட்டாவிடின், அவர் ஆடலாமேயன்றித் திருத்துதல் அரிது. ஆக்கியவர் கைவிட்டால் செயலியும் மெல்ல மடியும்.

இக்குறையை நீக்க எழுந்ததே திறந்த மூல முறை. அதற்கு அரணாக நிற்பவற்றுள் முதன்மையானது, அமெரிக்கரான ரிச்சட் ஸ்ரோல்மன் 1989 இல் வகுத்த குனூ பொது உரிமம். அதன் சாரம் இரண்டு: செயலியை வழங்குபவர் மூல நிரலையும் வழங்க வேண்டும், பெறுபவர்மீது புதிய கட்டுப்பாடு எதனையும் விதித்தலாகாது.

இவ்விரண்டும் பலகையாட்டங்களாலேயே சோதிக்கப்பட்டன. கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆடும் ‘கோ’ என்ற சீன ஆட்டத்திற்குரியது ‘குனூ கோ’ என்னும் நிரல். அதன் ஐபோன் வடிவம் 2010 இல் அப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையில் இடம்பெற்றது. அக்கடையின் விதிகளோ, ஒருவர் எத்தனை கருவிகளில் அதனைப் பயன்படுத்தலாம் என வரையறுத்தன. இது பொது உரிமத்திற்கு முரண் எனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சுட்டிக்காட்டியபோது, அப்பிள் தன் விதியை மாற்றவில்லை, செயலியையே நீக்கியது.

ஸ்ரொக்பிஷ் என்னும் சதுரங்க நிரலை ஆக்கியோர், 2021 இல் ஜேர்மனியின் செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். தம் நிரலிலிருந்து எழுந்தவற்றைப் பொது உரிமக் கடமைகளை நிறைவேற்றாது அந்நிறுவனம் விற்றது என்பதே முறைப்பாடு. 2022 நவம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குறித்த நிரல்களின் விற்பனையும் நின்றது.

ஆதலின், செயலியை ஆக்குதல் பாதி வேலையே. பரப்பும் வழியைத் தெரிதல் மறுபாதி. உரிமத்தின் முழு வாசகத்தையும் மூல நிரலோடு முதல் நாளிலேயே சேர்த்து வைத்தல் வேண்டும். படமும் ஒலியும் பிறருடையவாயின், அவற்றிற்கும் அனுமதி வேண்டும். அண்ட்ரொயிட் கருவிகளுக்கு, 2010 இல் தொடங்கிய எப்-டுரொயிட் என்னும் களஞ்சியம் கட்டற்ற செயலிகளை மட்டுமே வழங்குகிறது. கட்டுப்பாடு மிக்க கடைகளுக்கெனத் தனி அனுமதி அளிக்க எண்ணுபவர், பிறர் தம் நிரலைச் சேர்ப்பதற்கு முன்னரே அதனை எழுதிவைத்தல் நன்று. பின்னர் அவர்கள் ஒவ்வொருவரின் இணக்கமும் தேவைப்படும்.

இவ்வளவும் செய்தால், கொழும்பில் ஆக்கிய பல்லாங்குழியை மட்டக்களப்பு மாணவி ஒருத்தி தன் ஊர் விதிப்படி திருத்தித் தோழியருக்கு வழங்கலாம். அதற்கு அவள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.