கதிர்வீச்சு முடிந்தது, இதயத்தைக் கவனிக்கிறீர்களா?

இடது மார்பில் புற்றுநோய். அறுவை, கீமோ, கடைசியாகக் ‘கரண்ட்’ என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும்: கதிர் பாய்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இதயமும் இருக்கிறது.

என்ன ஆபத்து?

கதிர்வீச்சு இதய ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கும். அங்கே மெல்ல மெல்ல அடைப்பு உருவாகலாம், வால்வுகளும் கெடலாம். ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளியானது. இதயத்தில் படும் சராசரிக் கதிர் அளவு ஒரு ‘கிரே’ (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. இந்த ஆபத்து முதல் 5 ஆண்டுகளுக்குள் தொடங்கி, 20 ஆண்டுகளைத் தாண்டியும் நீடிக்கிறது.

இதற்குப் பயந்து கதிர்வீச்சை மறுத்துவிடாதீர்கள். தேவைப்படுபவருக்கு அதன் நன்மையே பெரிது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுக்கும் முறையில் இதயத்தில் படும் அளவு குறையும். உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று முன்பே கேளுங்கள்.

மாத்திரை காக்குமா?

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்பது பொதுவாக நிரூபணமான உண்மை. ஆனால், கதிர்வீச்சு பெற்ற எல்லோருக்கும் அதைக் கொடுக்கலாம் என்பதற்கு முடிவான சான்று இன்னும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயம் வாங்கிய கதிர் அளவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரினைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். ஸ்டாட்டின் எடுக்கும்போது தசைவலி வந்தாலோ, கர்ப்பம் தரித்தாலோ உடனே சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை இதயப் பரிசோதனை அவசியம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன.

உங்கள் உரிமை

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால், அவற்றைப் பாதுகாக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் மட்டுமே. இதய நோயோ பத்தாண்டு கழித்தும் வரலாம். அன்றைக்கு இதய மருத்துவர் கேட்கும் விவரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை: மொத்தக் கதிர் அளவு, எத்தனை முறை, எந்தப் பக்கம், இதயம் வாங்கிய சராசரி அளவு, கீமோ மருந்துகளின் பெயர்கள். எழுத்தில் கேட்டு, ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்தையும், அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நாடலாம்.

இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இதயம் வாங்கிய அளவு அதில் இல்லையென்றால், மூன்றாண்டு முடியும் முன் கேட்டு வாங்குங்கள்.