சமாதானம் பண்ணுகிறவர்களும் துன்புறுத்தப்படுகிறவர்களும்

மலைப்பொழிவில் சமாதானம் பண்ணுகிறவர்களைக் குறித்த பேறும் (மத். 5:9), நீதியினிமித்தம் துன்புறுத்தப்படுகிறவர்களைக் குறித்த பேறும் (மத். 5:10) அடுத்தடுத்து நிற்கின்றன. அருளுரைகளில் இவற்றை நாம் பெரும்பாலும் தனித்தனியே எடுத்தாளுகிறோம். சமாதானத்தைப் பற்றிப் பேசுகையில் சச்சரவைத் தவிர்ப்பதைச் சிறப்பிக்கிறோம். உபத்திரவத்தைப் பற்றிப் பேசுகையில் பொறுமையை வலியுறுத்துகிறோம். ஆயின் இவை ஒரே வழியின் இரு பகுதிகள் என்பதையே இவ்வரிசைமுறை உணர்த்துகிறது எனலாம்.

சொல்லின் பொருள்

'சமாதானம் பண்ணுகிறவர்கள்' எனப் பெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இவ்வோரிடத்தில் மட்டுமே வருகிறது. அதனோடு உறவுடைய வினைச்சொல் கொலோ. 1:20இல் வந்து, கிறிஸ்துவின் சிலுவை இரத்தத்தினால் சமாதானம் உண்டாக்கப்பட்டதைக் கூறுகிறது. ரோமப் பேரரசின் சமாதானம் பிறர் இரத்தத்தைச் சிந்தி நிலைநாட்டப்பட்டது. கிறிஸ்துவோ தம் இரத்தத்தைச் சிந்தினார். ஆகவே சமாதானம் என்பது வாளாவிருத்தல் அன்று. அது உண்டாக்கப்பட வேண்டியது. உண்டாக்குபவர் அதற்கு விலை கொடுக்கிறார். அநீதியினால் ஆதாயம் பெறுவோர் இம்முயற்சியை விரும்புவதில்லை. எனவே துன்புறுத்தல் தொடர்கிறது.

ஒரு திருச்சபையின் நினைவு

இவ்வுண்மை விளங்கப் பிரான்சு நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது. 1598ஆம் ஆண்டின் நான்த் ஆணையினால் அச்சபையார் பெற்ற வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நீக்கினான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர், ஆண்கள் பலர் அரசக் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர். மரி துரான் என்னும் பெண் 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள், எய்க்-மோர்த் நகரக் கோபுரமொன்றில் சிறையிருந்தார். தம் விசுவாசத்தை மறுதலித்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்கக்கூடும்.

இத்துன்பத்திற்கு அச்சபை இருவகையில் மறுமொழி தந்தது. 1702இல் செவென் மலைநாட்டு மக்கள் ஆயுதம் ஏந்தினர். இரு தரப்பிலும் கொலையும் தீவைப்பும் மிகுந்தன. பின்னர் 1715இல் அந்துவான் கூர் என்னும் இளம் போதகர் உபதேசிகள் சிலரைக் கூட்டி, வாளின் துணையின்றி மறைவிடங்களில் சபையை மீண்டும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1787இல்தான் அம்மக்களுக்குக் குடியுரிமை நிலை சட்டத்தால் மீண்டும் கிடைத்தது. பழிவாங்கும் நினைவு, காத்திருக்கும் நினைவு ஆகிய இரண்டையும் பிற்சந்ததியார் மரபுரிமையாகப் பெற்றனர்.

லெ ஷாம்போன்

அம்மரபில் வந்தது மலைச்சிற்றூரான லெ ஷாம்போன்-சூர்-லினியோன் சபை. பிரான்சு ஜெர்மனியோடு போர்நிறுத்த உடன்படிக்கை செய்த மறுநாளான 1940 ஜூன் 23 அன்று, அதன் போதகர்களாகிய ஆந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தெயிஸும், மனச்சாட்சிக்கு எதிரான வன்முறையை ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்க்குமாறு சபையாரை அழைத்தனர். அச்சமும் பகையும் இன்றி எதிர்ப்பதே அவர்கள் காட்டிய வழி.

அதன்பின் நான்கு ஆண்டுகளில் யூதர் உட்பட ஆயிரக்கணக்கான அகதிகள் அச்சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தங்கவைக்கப்பட்டனர். சீர்திருத்த சபையாரோடு பிரதரன் சபையைச் சேர்ந்த குடியானவர்களும் பிறரும் தங்கள் வீடுகளைத் திறந்தனர். போலி அடையாள அட்டைகளும் ஆயத்தமாயின. பொய் கூடாதென்னும் கட்டளையும், அயலானின் உயிரைக் காக்கும் கடமையும் மோதுமிடம் இது. கிறிஸ்தவ ஒழுக்கவியல் இதனை எளிதில் கடந்துவிட இயலாது.

1943 பெப்ருவரியில் இரு போதகர்களும் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் கைதாயினர். கைதுசெய்ய வந்த காவலர்க்கும் த்ரோக்மேயின் மனைவி மாக்தா இராவுணவு பரிமாறினார். ரோமர் 12:20 இங்கு ஒரு வீட்டு மேசையில் நிறைவேறியது. தடுப்பு முகாமிலிருந்து விடுதலை பெற, மார்ஷல் பெத்தேனுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிடுமாறு கேட்கப்பட்டபோது போதகர் இருவரும் மறுத்தனர். எனினும் விரைவில் விடுவிக்கப்பட்டனர். ஆந்த்ரேயின் உறவினரான ஆசிரியர் தானியேல் த்ரோக்மேயோ, 1943 ஜூனில் தம் மாணவர்களோடு பிடிக்கப்பட்டு, 1944இல் மைதானெக் வதைமுகாமில் உயிர்நீத்தார்.

நாம் கற்பன

முதலாவது, இவர்கள் துன்பத்தைத் தேடிச் செல்லவில்லை. அயலானைத் தேடினர், துன்பம் உடன்வந்தது. நம் குற்றத்தினால் வரும் இடரையும் கிறிஸ்துவினிமித்தம் வரும் பாடுகளையும் 1 பேதுரு 4:15, 16 பிரித்துக் காட்டுகிறது. எதிர்ப்பு வந்துவிட்டதாலேயே நம் செயல் நீதியானது என நாம் முடிவுசெய்தலாகாது.

இரண்டாவது, எதிர்த்து நிற்பதும் பகைவனை நேசிப்பதும் ஒரே வீட்டில் நடைபெறக்கூடும். பட்டினியாயிருக்கும் காவலனுக்கு உணவளிக்கும் கை, அநீதியான தாளில் கையொப்பமிட மறுக்கலாம்.

மூன்றாவது, துன்புறுத்தப்பட்டதன் நினைவைச் சபை எவ்வாறு பேணுகிறது என்பது முக்கியமானது. தன் காயங்களை மட்டுமே எண்ணும் சபை, தன் உரிமையோடு நின்றுவிடும். லெ ஷாம்போன் மக்கள் தங்கள் முன்னோர் ஒளிந்து வாழ்ந்ததை நினைவுகூர்ந்தனர். ஆகையால் ஒளிய இடம் தேடி வந்த வேற்றுச் சமயத்தாரை அறிந்துகொண்டனர்.

துன்புறும் சபைகளுக்காக மன்றாடும் ஞாயிறுகளில் நம் சபையாருக்கு நாம் வைக்க வேண்டிய கேள்வி இதுவே: நம்மைச் சேராத ஒருவர் துன்புறுத்தப்பட்டு நம் ஊருக்கு வந்தால், எந்த வீட்டின் கதவைத் தட்டலாம் என்று அவருக்குச் சொல்ல நம்மால் இயலுமா? இதற்கு விடைதரும் வகையில் சபையை ஆயத்தப்படுத்துவது ஆயரின் பணியாகும்.